முள் காட்டியது ஒன்று, கண் படித்தது வேறு

போன இதழில் கறுப்புப் பெட்டி பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காக்பிட், அதாவது விமானி அறை, பக்கம் திரும்பிவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க மீட்டர் சமாச்சாரம்தான். இருபது வருஷம் விமானப் படையில் இன்ஸ்ட்ரூமென்ட் ஃபிட்டர், அப்புறம் மீனம்பாக்கத்தில் பராமரிப்பு வேலை என்று இருந்தவனிடம் இதைக் கேட்டால் பதில் சுருக்கமாக வராது. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் விமானம் ஓட்டியவன் இல்லை. ஓட்டுகிறவர்கள் பார்க்கும் மீட்டரைக் கழற்றி மாட்டியவன்.

விமானியின் முன்னால் இத்தனை மீட்டர்கள், திரைகள். எல்லாம் சரியாகக் காட்டும்போதும் விமானம் எப்படித் தரையில் மோதுகிறது?
– கல்லூரி மாணவி, திருச்சி

சரியாகக் காட்டுவது வேறு, சரியாகப் படிக்க விடுவது வேறு அம்மா. இதை நான் ஓர் அவமானத்தில் கற்றுக்கொண்டேன்.

பயிற்சி முடிந்த முதல் வருஷம். பெஞ்சில் ஓர் ஆல்டிமீட்டர், அதாவது உயரமானி. கண்ணாடி மூடிய கனமான பெட்டிக்குள் அதை வைத்துக் காற்றை உறிஞ்சினால், பாவம், தான் மேலே பறந்துகொண்டிருப்பதாக அது நம்பிவிடும். முள்ளைப் பார்த்து உயரத்தைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அந்தக் காலத்து ஆல்டிமீட்டரில் ஒரே டயலுக்கு மூன்று முட்கள். நீள முள் நூறு அடிக் கணக்கு. குட்டை முள் ஆயிரம். எல்லாவற்றிலும் சின்னதாக ஒன்று, அது பத்தாயிரம். நான் 3,500 என்று எழுதினேன். எங்கள் வாரண்ட் ஆபீசர் பாலக்காட்டுக்காரர். பென்சிலால் அதைச் சுழித்துவிட்டு, “தம்பி, சின்ன முள்ளைப் பார்த்தாயா?” என்றார். பார்த்தேன். 13,500.

தலைக்கு மேல் ட்யூப் லைட், ஃபேன் காற்று, எதிரே ஒரே ஒரு மீட்டர். அதிலேயே பத்தாயிரம் அடி தப்பு. “இதையே தலைகீழாகப் படித்து, 3,500-ஐ 13,500 என்று நினைத்தவன் என்ன செய்வான்? இன்னும் இறங்கலாம் என்பான்” என்றார் அவர்.

அப்படியே இறங்கியவர்கள் உண்டு. 1958 டிசம்பர் 24, இங்கிலாந்தின் தெற்கே, ஹர்ன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். பிஓஏசி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் பிரிட்டானியா விமானம் சோதனைப் பறப்பை முடித்துக்கொண்டு இறங்குகிறது. கீழே மூடுபனி. இருக்கும் உயரத்தைவிடப் பத்தாயிரம் அடி மேலே இருப்பதாக விமானிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 12 பேரில் 9 பேர் இறந்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் ஒரு வைக்கவுன்ட் விமானமும் இதே பத்தாயிரம் அடிக் கணக்கில்தான் தரையில் மோதியது. இரண்டு விமானத்திலும் ஆல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. 11,500-க்கும் 1,500-க்கும் அந்த டயலில் என்ன வித்தியாசம் என்று ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். இரண்டு பெரிய முட்களும் அதே இடத்தில் நிற்கும். சின்ன முள் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி நிற்பதற்குப் பதில் ஒன்றை ஒட்டி நிற்கும்.

வேதனை என்னவென்றால், இது அதற்குப் பத்து வருஷம் முன்பே தெரிந்த விஷயம். 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க விமானிகளிடம் மீட்டரைத் தப்பாகப் படித்த அனுபவங்களாக 270 கதைகளைச் சேகரித்தார்கள். மூன்று முள் ஆல்டிமீட்டர் அதில் பெரிய குற்றவாளி. ஆனாலும் மாற்றக் காலம் பிடித்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்தபோதும் அது வந்துகொண்டுதான் இருந்தது.

உங்கள் பாடப் புத்தகத்தில் ‘சூழ்நிலை உணர்வு’ என்று ஒரு சொல் வரக்கூடும். மைக்கா எண்ட்ஸ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் அதை மூன்று படியாகப் பிரித்தார். நான் அடுப்படிக்குக் கொண்டுவந்து சொல்கிறேன். பாலில் நுரை ஏறுவது கண்ணில் படுவது முதல் படி. பொங்கப் போகிறது என்று புரிவது இரண்டாவது. ஹாலிலிருந்து ஓடினால் எட்ட முடியுமா என்று கணக்குப் போடுவது மூன்றாவது. மீட்டரை வடிவமைக்கிறவர்கள் நெடுங்காலம் முதல் படியோடு நின்றுவிட்டார்கள். எண் தெரிகிறதா? தெரிகிறது. வேலை முடிந்தது!

இப்போதைய திரைகளில் வேகம் ஒரு நாடாபோல மேலும் கீழும் ஓடும். வட்ட டயலில் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும். நாடாவில் எண்ணைப் படித்தாக வேண்டும். அந்தக் குறைக்கு ஈடாக, இன்னும் பத்து விநாடியில் வேகம் எங்கே போய் நிற்கும் என்று காட்டும் சின்ன அம்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்றாவது படியைத் திரையே ஏறிக் கொடுக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த அம்பு அது.

1990-இல் பெங்களூரில் ஏர்பஸ் விமானம் கோல்ஃப் மைதானத்தில் விழுந்த செய்தியை வானொலியில் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. தவறு விமானியுடையதா, விமானத்துடையதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605. நல்ல பகல், தெளிவான வானம். ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் புத்தம் புதிது. ஏர்பஸ் ஏ320 ரகமே அப்போது நம் நாட்டுக்குப் புதிது.

நடந்தது இதுதான். தரையிறங்கும்போது வேகத்தைப் பிடித்துவைக்க இன்ஜின் ஓரளவு உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று இன்ஜின்கள் ஐடிலில் இருந்தன. அதாவது வண்டியை நியூட்ரலில் போட்டு மேட்டிலிருந்து இறக்குவதுபோல. விமானம் ‘ஓபன் டிசென்ட்’ என்ற முறையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இன்ஜின் ஐடிலில் கிடக்க, மூக்கை ஏற்றி இறக்கித்தான் வேகம் காக்கப்படும். தரைக்குப் பக்கத்தில் அது கூடாத முறை. விமானம் எப்படி அதற்குள் போனது? காக்பிட்டில் உயரத்தை வைக்கும் குமிழும், இறங்கும் வேகத்தை வைக்கும் குமிழும் பக்கத்துப் பக்கத்தில். நிமிஷத்துக்கு 700 அடி இறங்கு என்று வைக்கப்போய், 700 அடி உயரத்துக்குப் போ என்று வைத்திருக்கலாம் என்பது விசாரணை நீதிமன்றம் முன்வைத்த விளக்கம்.

சரி, தப்பு நடந்தது. அதைத் திரை சொல்லவில்லையா? சொன்னது. அங்கேதான் விஷயம் இருக்கிறது. விமானியின் முதன்மைத் திரையின் உச்சியில் ஒரு மெல்லிய பட்டை. விமானம் இப்போது எந்த முறையில் பறக்கிறது என்பது அதில் இரண்டு மூன்று சின்னச் சொற்களாக நிற்கும். முறை மாறும்போது சொல்லைச் சுற்றி ஒரு கட்டம் சில விநாடிகள் தோன்றி மறையும். அவ்வளவுதான் அறிவிப்பு. ஓடுபாதையைத் தேடிக் கண் வெளியே போயிருக்கும் நேரத்தில் அந்தக் கட்டம் தோன்றி மறைந்தால்?

பழைய விமானங்களில் ஆட்டோ த்ராட்டில், அதாவது இன்ஜின் சக்தியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி, இன்ஜினைக் குறைத்தால் நெம்புகோலே பின்னால் நகரும். கை அதன்மேல் இருந்தால் உணரும். இல்லாவிட்டாலும் ஓரக்கண்ணில் படும். ஏ320-இல் அது நகராது. ஒரே இடத்தில் நிற்கும். கைக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒன்று முழுக்கக் கண்ணின் தலையில் விழுந்தது, அதுவும் அந்தச் சின்ன எழுத்துகளின் வழியாக. இன்னொன்று: இரண்டு விமானிகளின் ஃப்ளைட் டைரக்டரும் (விமானத்தை எப்படிச் செலுத்துவது என்று திரையில் வழிகாட்டும் குறிகள்) அணைந்திருந்தால் இன்ஜின் தானாகவே வேகத்தைக் காக்கும் முறைக்கு வந்திருக்கும். ஒருவருடையது அணைந்தது. மற்றவருடையது அணையவில்லை.

அடுத்த இரண்டே வருஷத்தில் பிரான்சில் இன்னொரு ஏ320. 1992 ஜனவரி 20, இரவு, ஸ்ட்ராஸ்பூர் அருகே மலையில் மோதி 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் ஒரே குமிழ், ஒரே சிறு ஜன்னல், இரண்டு அர்த்தம். ஜன்னலில் -3.3 என்று இருந்தால் 3.3 டிகிரி சரிவு, சாதுவான இறக்கம். -33 என்று இருந்தால் நிமிஷத்துக்கு 3,300 அடி. அது கிணற்றில் கல் போடுவது. நடுவில் இருப்பது ஒரு புள்ளி. விமானிகள் இதைத்தான் குழப்பிக்கொண்டார்கள் என்று ஐயமற நிறுவ முடியவில்லை. ஆனாலும் மிகவும் பொருந்தும் விளக்கம் அதுதான் என்று கருதப்படுகிறது. பிறகு ஏர்பஸ் அந்த ஜன்னலை நான்கு இலக்கமாக மாற்றியது. இப்போது -3300 என்றே எழுதிக் காட்டும். இரண்டு பூஜ்யம் சேர்க்க 87 உயிர்.

தவறு யாருடையது என்று கேட்டீர்கள். கணக்கு நோட்டில் ‘5’ என்று எழுதியதை ஒரு பையன் ‘6’ என்று படித்தால் பையனைக் கண்டியுங்கள். நாற்பது பேரில் பத்துப் பேர் அப்படிப் படித்தால் எழுதியவர் கையெழுத்தைப் பாருங்கள். வாத்தியாருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்து என்றால் மணி அடிக்காதா? அதைக் கேட்டாலே போதுமே?
– மளிகைக் கடை உரிமையாளர், விருதுநகர்

அடிக்கும். எப்போது நிற்கும் என்பதும் முக்கியம்.

2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. அட்லாண்டிக் மேலே, நள்ளிரவு தாண்டிய நேரம். வேகம் அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்து, ஆட்டோ பைலட் கையை விரித்துவிட்டது. கையில் வாங்கிய விமானி மூக்கை மேலே தூக்கினார். விமானம் ஏறி, வேகம் இழந்து, இறக்கை தாங்கும் சக்தியை விட்டது. அதைத்தான் ஸ்டால் என்கிறோம். ‘ஸ்டால், ஸ்டால்’ என்று குரல் கத்தியது. அப்புறம் நின்றுபோனது.

விமானம் மீண்டதால் நிற்கவில்லை. அளந்த வேகம் 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்) அளவுக்குக் கீழே போனால், அந்தக் குரலுக்கு ஆதாரமான, காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தின் அளவை நம்ப முடியாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பறக்கும் விமானம் அவ்வளவு மெதுவாகப் போகாது என்பது நியாயமான எண்ணம்தான். விளைவைப் பாருங்கள். மூக்கைத் தூக்கியே வைத்திருந்தால் அமைதி. சரியான காரியம் செய்து மூக்கை இறக்கினால், வேகம் கூடி, அளவு நம்பகமாகி, ‘ஸ்டால்’ என்று மறுபடி கத்தும். சரியாகச் செய்தவனை அதட்டி, தப்பாகச் செய்தவனைத் தட்டிக்கொடுக்கும் மணி! ஆட்டோ பைலட் விலகியதிலிருந்து கடலில் விழும்வரை நான்கு நிமிஷம் சொச்சம். 228 பேர். காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதைக் காட்டும் மீட்டர் விமானிகளுக்கு முன்னால் இல்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

மீட்டரே பழுதானால் விமானிக்கு எப்படித் தெரியும்?
– ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

நல்ல கேள்வி தம்பி, எங்கள் தொழிலின் அடிவயிற்றைத் தொடும் கேள்வி.

1978 ஜனவரி 1, ஏர் இந்தியா 855. ‘எம்பரர் அசோகா’ என்று பெயர் வைத்த 747. பம்பாயின் சாந்தா குரூஸ் விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு இரவில் கிளம்பியது. எதிரே அரபிக் கடல், கும்மிருட்டு. வெளியே பார்த்து மேல் கீழ் தெரிந்துகொள்ள வழியில்லை. வலது பக்கம் லேசாகத் திரும்பி, நேரானது. ஆனால் கேப்டனின் சாய்வுமானி வலது சாய்விலேயே நின்றுவிட்டது. வலப்பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று நம்பி அவர் இடதுபக்கம் திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். கிளம்பி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 213 பேரோடு கடலில். பக்கத்து விமானிக்கு முன்னால் இன்னொரு சாய்வுமானி இருந்தது. நடுவில் உதவிக்கு மூன்றாவதும் இருந்தது. மூன்றில் எது பொய் என்று முடிவு கட்டும் வேலையைச் சில விநாடிக்குள் மனிதர்களிடம் விட்டதுதான் கொடுமை. மற்ற மீட்டர்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. உண்மைதான். ஆனால் செத்த கருவி செத்த மாதிரி தெரிய வேண்டும். கண்ணை விழித்துக்கொண்டு சாகக் கூடாது.

இன்று கேப்டன் திரையும் துணை விமானி திரையும் ஒத்துப்போகவில்லை என்றால் ‘சரிபார்’ என்று எழுத்து வந்துவிடும். கோணமே கிடைக்கவில்லை என்றால் படத்தையே எடுத்துவிட்டுச் சிவப்பில் எழுதும். வெறும் திரை, தப்பான திரையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ரஷ்ய விமானத்தின் மீட்டரும் மேல்நாட்டு மீட்டரும் ஒன்றுதானா?
– வாசகர், ஆவடி

வேகம் கிலோமீட்டர் கணக்கு என்பதெல்லாம் பழகிவிடும். பழகாதது சாய்வுமானி. மேல்நாட்டுக் கருவியில் விமானக் குறி அசையாது. பின்னால் அடிவானம் சாயும். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்ப்பதுபோல. மிக்-21-இல் வந்த ரஷ்யக் கருவியில் அடிவானம் படுத்தபடி இருக்கும். விமானக் குறிதான் சாயும். கூட்டம் தொங்கும் பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து வருவதை ஸ்டாப்பில் நின்று பார்ப்பதுபோல. இரண்டும் நியாயம்தான். சொல்லப்போனால் புதிதாகக் கற்பவனுக்கு ரஷ்ய முறைதான் சட்டென்று பிடிபடும் என்பது என் கட்சி. பெஞ்சில் காலையில் ஒரு ரகம், மத்தியானம் இன்னொரு ரகம் என்று வந்தால், சாய்மேசையைத் திருப்பிவிட்டு ஒரு நொடி விழிப்பேன்.

அந்த ஒரு நொடி மேலே கிடைக்காது. 2000 ஜனவரி 10, சூரிச்சிலிருந்து கிளம்பிய கிராஸ்ஏர் 498. இடதுபக்கம் திரும்ப வேண்டிய சாப் 340 விமானம் வலதுபக்கம் சாய்ந்து, மேலும் மேலும் சாய்ந்து, சுழன்று விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். மால்டோவாவைச் சேர்ந்த கேப்டன் சோவியத் விமானங்களில் பழகியவர். நெருக்கடியில் கை பழைய பழக்கத்துக்குப் போயிருக்கலாம் என்பது விசாரணை பேசிய காரணங்களில் ஒன்று.

என் புதுக் காரில் ஏ.சி.கூட டச் ஸ்கிரீனில்தான். இது முன்னேற்றம்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

விற்கிறவருக்கு முன்னேற்றம். 2017-இல் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானும் வேகமும் தொடுதிரையில் இருந்தன. எது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதில் குழப்பம். அதன்பின் அமெரிக்கக் கடற்படை பழையபடி கையால் தள்ளும் நெம்புகோலுக்குத் திரும்ப முடிவெடுத்தது. உங்கள் காரில் ஏ.சி.யைக் கூட்ட எத்தனை விநாடி கண் ரோட்டை விட்டு விலகுகிறது என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள்.

தாத்தா, விமானத்தில் ஏறும்போது காக்பிட்டை எட்டிப் பார்த்தால் எதைப் பார்க்கணும்?
– ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

திரைகளைப் பார்க்காதே, அதெல்லாம் டி.வி. மாதிரிதான் இருக்கும். நடுவில், திரைகளுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் குட்டிச் சக்கரம் மாதிரி உருண்டையாக ஒன்று இருக்கும். விமானத்தின் சக்கரத்தை இறக்கி ஏற்றுவது அதுதான்.

அது எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் பி-17 என்று ஒரு பெரிய அமெரிக்க விமானம். பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானிகள் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள்! விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு நிற்கும். கவனக்குறைவு என்று திட்டினார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியல் அறிஞர் காக்பிட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும், இறக்கை மடலுக்கான சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். விமானிகள் மடலை மடக்கத்தான் கையை நீட்டியிருக்கிறார்கள். சக்கரத்துக்கு உருண்டையாக ஒரு ரப்பர் பிடி, மடலுக்குத் தட்டையாக ஒன்று மாட்டச் சொன்னார். இருட்டிலும் விரலுக்குத் தெரியும் இல்லையா?

கண்டுபிடித்துவிட்டால் எனக்கு ஒரு கடிதம் போடு. தொட்டு மட்டும் பார்த்துவிடாதே கண்ணா.